வறுமை காப்பாற்றிய கில்பெக்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் நகரிலிருந்து வேல்ஸ் எல்லையை நோக்கி 13 கிலோமீட்டர் போனால் கில்பெக். நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் பாதை ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் பின்வாங்க வேண்டும். ஊர் என்று சொல்ல நாலு வீடுகள். அவற்றைத் தாண்டி ஒரு மேட்டில் செம்மண் நிறத்தில் சின்னதாக ஒரு கோயில். புனித மரியாள், புனித தாவீது இருவர் பெயரிலும் உள்ள பங்குக் கோயில் இது. கட்டி ஏறத்தாழ 880 ஆண்டுகள் ஆகின்றன.

1140 வாக்கில் இது நாலு வீட்டு ஊர் அல்ல. நார்மன் பிரபு ஒருவரின் கோட்டை இங்கே இருந்தது. அந்தக் குடும்பத்து ஹியூ 1134-ல் ஊர்க் கோயிலை கிளாஸ்டர் மடத்துத் துறவிகளுக்குத் தானமாகக் கொடுத்தார். இப்போதுள்ள கட்டடம் அதையடுத்துச் சில ஆண்டுகளில் எழுந்தது. பிறகு கோட்டை பாழடைந்தது, கிராமம் சுருங்கியது. கோயிலுக்கு மேற்கே உள்ள மண்மேட்டில் ஏறினால் கோட்டைச் சுவரின் துண்டுகள் இரண்டு மட்டும் நிற்கின்றன. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பழைய கிராமத்தின் எல்லைக்கரை மேடுபள்ளமாகத் தெரிகிறது. ஆடுகள் அதன்மேல் மேய்கின்றன.

கோயிலின் அமைப்பு எளிமையானது. மக்கள் அமரும் கூடம், அதையடுத்துப் பாடற்குழுப் பகுதி, கடைசியில் அரைவட்டமாக வளைந்து முடியும் பீடப் பகுதி. மூன்றும் ஒன்றைவிட ஒன்று குறுகிக்கொண்டே போகின்றன. இங்கிலாந்தின் ஊர்க்கோயில்களில் பெரும்பாலானவை இப்படியே விட்டுவைக்கப்படவில்லை. கையில் காசு வந்தபோதெல்லாம் பக்கக் கூடங்கள் சேர்த்தார்கள், கோபுரம் எழுப்பினார்கள், பெரிய ஜன்னல் வைக்கச் சுவரை உடைத்தார்கள். கில்பெக்கில் அதற்கெல்லாம் யாரிடமும் பணம் இல்லை என்பதே என் எண்ணம். 1848-ல் ஒரு பழுதுபார்ப்பு நடந்தது. அதுவும் மூலத்தைக் கெடுக்கவில்லை.

எல்லோரும் படம் எடுப்பது தெற்கு வாசலை. எடுக்கட்டும், தகுதியானதுதான். கதவுக்கு மேலுள்ள அரைவட்டக் கல்லில் திராட்சைக் குலைகளோடு ஒரு கொடி. அதைச் சுற்றிய வளைவில் அலகு நீட்டிய பறவைத் தலைகளும், பின்னிக் கிடக்கும் விலங்குகளும். ஒரு தூணின் தலைப்பில் வாயிலிருந்து இலைக்கொடியைக் கக்கும் முகம். இடதுபுறத் தூணில் ஒருவர்மேல் ஒருவராக இரண்டு ஒல்லி வீரர்கள். காற்சட்டையின் மடிப்பு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோடாகச் செதுக்கியிருக்கிறார் சிற்பி. விரலால் தொடும் தூரத்தில் நின்று பார்த்தேன். உளி போன பாதை இன்னும் கூர்மையாக இருக்கிறது. இந்தப் பகுதியின் சிவப்பு மணற்கல் எல்லாம் இப்படி உழைப்பதில்லை. இங்கே அமைந்தது நல்ல கல்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது வாசல் அல்ல, கூரை விளிம்பைத் தாங்கி வரிசையாக நீளும் தாங்குகற்கள்தான். 85 மிஞ்சியிருக்கின்றன. நாயும் முயலும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. நாய்க்கு அகல விழி, தொங்கு காது, இந்தக் காலத்துக் கார்ட்டூன் தோற்றுவிடும். பிடில் மாதிரி ஒன்றை வாசிப்பவன், ஆட்டுக்கடா, பன்றி, இன்ன மிருகம் என்று சொல்லவே முடியாத சில. இவற்றுக்கு நடுவே, கால்களை அகட்டித் தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் ஒருத்தி. ஷீலா-நா-கிக் என்று அழைக்கப்படும் இத்தகைய உருவங்கள் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பல இடங்களில் உண்டு. காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்கிறார்கள் சிலர். கண்ணேறு கழிக்க வைத்தது என்கிறார்கள் வேறு சிலர். அவள் முகத்தைப் பார்த்தால் எச்சரிப்பவளாக எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் பாடற்குழுப் பகுதியின் வளைவு தெரிகிறது. இரு பக்கமும் மும்மூன்று அடியார்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக நிற்கிறார்கள்; சாவி வைத்திருப்பவர் பேதுரு. தூணில் இப்படி ஆட்களை அடுக்கும் வழக்கம் ஸ்பெயினின் சான்டியாகோ பேராலயத்தில் உண்டு. இங்கிருந்து அங்கே யார் போனார்கள்? அதற்கு விடையாகச் சொல்லப்படுபவர் ஆலிவர் டி மெர்லிமண்ட், மோர்டிமர் பிரபுவின் காரியஸ்தர். சான்டியாகோவுக்கு யாத்திரை போய் வந்தவர். இதே மாவட்டத்தின் வடக்கே ஷொப்டனில் ஒரு கோயில் கட்டியவர். கில்பெக்கைச் செதுக்கிய பட்டறையின் கைவண்ணம் அங்கேயும் உண்டு.

அதனால் ஷொப்டனுக்கும் போனேன். போயிருக்காவிட்டால் கில்பெக்கின் அருமை பாதிதான் புரிந்திருக்கும். அங்கே நிலச்சுவான்தார் குடும்பத்திடம் பணம் இருந்தது, ரசனையும் இருந்தது. 1750-களில் பழைய கோயிலை இடித்துவிட்டு, அப்போதைய நாகரிகப்படி வெள்ளையடித்த, கேக் மாதிரியான புதுக் கோயிலைக் கட்டினார்கள். அழகானதுதான், மறுக்கவில்லை. பழைய வாசல்களையும் வளைவையும் மட்டும் பெயர்த்து, மேலே புல்வெளியில் பார்வைக்கு அலங்காரமாக நிறுத்திவிட்டார்கள். இரண்டரை நூற்றாண்டாகக் கூரையில்லாமல் மழையும் பனியும் தின்றுகொண்டிருக்கின்றன. தூண்களில் பின்னல் வேலைப்பாடு அங்கங்கே தெரிகிறது. அரைவட்டக் கல்லில் கிறிஸ்து இருந்த இடத்தில் இப்போது ஒரு புடைப்புதான். 1852-ல் வெளியான கோட்டோவியங்களில் உருவங்கள் எவ்வளவோ தெளிவாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு நேரில் போனால் வயிறு எரிகிறது.

போக நினைப்பவர்கள் ஷொப்டனை முதலில் பார்த்துவிட்டுக் கில்பெக்குக்கு வருவது நல்லது. பைனாகுலர் ஒன்று கையில் இருக்கட்டும். தெற்கு வாசலோடு திரும்பிவிடாமல் கட்டடத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். மேற்குச் சுவரிலிருந்து நாக்கைச் சுருட்டி நீட்டும் டிராகன் தலைகளைப் பலர் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள்.