இரவு பத்து முதல் காலை ஆறு வரை: பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்ப்போருக்கான நாட்குறிப்பு

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

பெரிய பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவரோடு வருபவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்த ரைல்ஸ் டியூப், சிறுநீர் வடியக் கதீட்டர் குழாய், ஒரு பை நிறைய மாத்திரை, டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரண்டு மணிக்கொரு முறை டியூபில் உணவு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். வார்டில் இதை ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் பலர் செய்கிறார்கள். வீட்டில் மனைவியோ மகளோ மருமகளோ ஒருத்தியே செய்ய வேண்டும். அவள் எப்போது தூங்குவாள் என்பதை யாரும் சொல்வதில்லை.

அதனால் அட்டவணையை அவளுடைய தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரவில் இடைவிடாமல் நான்கு மணி நேரமாவது கண்ணயர வழி செய்துவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்கலாம். காலை 6, 8.30, 11, பகல் 1.30, மாலை 4, 6.30, இரவு 9 என ஏழு வேளை 200 முதல் 250 மி.லி. கொடுத்தால் ஒரு நாளைக்கு 1400 முதல் 1750 மி.லி. வந்துவிடும். நள்ளிரவு உணவு பலருக்குத் தேவைப்படாது. இரவில் இன்சுலின் போடுபவராக இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வேளையை மாற்றக் கூடாது.

இரவில் திருப்புவது 10, 2, காலை 6 மணிக்கு. இது சோம்பல் ஆகாது. அமெரிக்க, கனடா முதியோர் இல்லங்களில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை 2, 3, 4 மணிக்கொரு முறை திருப்பிப் பார்த்தார்கள். படுக்கைப் புண் வந்த அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே புண் இருப்பவருக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தையில் கிடப்பவருக்கும் இது பொருந்தாது. தோல் எப்படி இருக்கிறது என்று நர்ஸிடம் காட்டிவிட்டு நேரத்தை நீட்டுங்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

டியூபில் ஊட்டுவது பற்றி விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் நேரும் ஆபத்துகளில் பெரியது இங்கேதான் இருக்கிறது.

மூக்குத் துவாரத்தின் விளிம்பில் டியூபின் எந்த அளவுக்குறி நிற்கிறது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். அதே இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். கோடு வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. கோடு சரியாக இருந்தால் 50 மி.லி. சிரிஞ்சால் மெல்ல இழுத்துப் பாருங்கள், வயிற்று நீர் வரும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் காகிதம் வைத்திருப்பவர்கள் அந்த நீரில் நனைத்துப் பார்க்கலாம், 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் குழாய் வயிற்றில் இருக்கிறது என்று பொருள். காற்றைச் செலுத்தி வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழக்கத்தை நம்ப வேண்டாம். குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம்.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும். இடுப்பிலிருந்தே முதுகு எழும்ப வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லாத வீட்டில் பேக் ரெஸ்ட் வாடகைக்கு எடுக்கலாம். ஊட்டி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இரவு 9 மணி வேளையை 10 மணிக்குத் தள்ளக் கூடாது என்பது இதனால்தான். தூக்கம் தாங்காமல் உடனே படுக்க வைத்துவிடத் தோன்றும்.

முதலில் 30 மி.லி. வெதுவெதுப்பான நீர். பிறகு சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, மூக்குக்குச் சற்று மேலே பிடித்து, உணவு தானாக இறங்க விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். தண்டை வைத்து அழுத்தி இரண்டு நிமிடத்தில் முடித்தால் வாந்தி வரும். கடைசியில் மறுபடியும் 30 மி.லி. நீர். ராகிக் கஞ்சியும் சத்துமாவும் ஆற ஆற இறுகும் என்பதால் நீர்க்கவே காய்ச்சி டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும்.

மாத்திரைகளைத் தனித்தனியாகப் பொடித்து, தனித்தனியாகக் கரைத்துக் கொடுங்கள். கஞ்சியில் கலக்க வேண்டாம். அட்டையில் பெயரோடு எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருந்தால் அதைப் பொடிக்கவே கூடாது. மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மருத்துவரிடம் சொன்னால் சிரப்பாகவோ வேறு மாத்திரையாகவோ மாற்றித் தருவார்.

டியூப் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை மெல்ல உள்ளே தள்ளி இழுத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி செய்து பாருங்கள். கம்பி விடக் கூடாது. டியூப் வெளியே வந்துவிட்டால் நீங்களே திருப்பிச் செருக வேண்டாம். ஒரு வேளை தவறுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் என்றால், உணவு போகாத நிலையில் ஊசி போடலாமா என்று கேட்ட பிறகே போட வேண்டும்.

வாயில் எதுவும் போகவில்லை என்றாலும் தினமும் இரண்டு முறை மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் துடைக்க வேண்டும். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவது நிமோனியா வரும் முக்கிய வழிகளில் ஒன்று.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ரெக்ஸின் விரிப்பின்மேல் படுத்தவரின் முதுகு இந்த வெயிலில் எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். ரெக்ஸினை இடுப்புப் பகுதிக்கு மட்டும் போட்டு, அதன்மேல் ஒரே ஒரு பருத்தித் துணி விரியுங்கள்.

படுக்கைப் புண்ணைத் தடுக்கப் போடும் காற்று மெத்தையான ஆல்ஃபா பெட்டின் அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்கும். அதன்மேல் மடித்த போர்வையும் கம்பளியும் போட்டால் வாங்கியும் பயனில்லை. கரண்ட் போனால் காற்று மெல்ல இறங்கும். மெத்தையைத் தனியாக வெறும் பலகைமேல் போடாமல், கீழே ஒரு ஃபோம் மெத்தை வைத்திருந்தால் சமாளிக்கலாம். கரண்ட் இல்லாத நேரத்தில் திருப்பும் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

தினமும் துடைக்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள்: பின்னிடுப்பு எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், முழங்கை, காது, பின்னந்தலை. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் சுற்றியுள்ளதைவிடச் சூடாகவோ கல்லுப் போலவோ இருக்கும். அங்கே எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள், உள்ளே நைந்த தசை இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். விளிம்பு அழுத்துவதால் நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் குறையும்.

பக்கவாட்டில் முழுக்கச் சாய்த்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை செருகி 30 டிகிரி அளவு சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் நிற்கச் செய்யுங்கள்.

மே 7, புதன்

யூரின் பேக் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. நோயாளியைத் திருப்பும்போது பையை அவர் வயிற்றின்மேல் வைக்கும் பழக்கத்தால் பழைய சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும். முக்கால் பங்கு நிரம்புவதற்குள் காலி செய்யுங்கள், இரவு 10 மணிக்குக் கட்டாயம். நான்கு மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்கவில்லை என்றால் முதலில் குழாய் தொடைக்கு அடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மலச்சிக்கலும் வழியை அடைக்கும். இரண்டும் இல்லையென்றாலோ, அடிவயிறு உப்பியிருந்தாலோ, அன்றே நர்ஸை அழைக்க வேண்டும்.

மே 9, வெள்ளி

தூக்கும்போது இருவருக்கு ஆபத்து, தூக்கப்படுபவரின் தோளுக்கும் தூக்குபவரின் இடுப்புக்கும்.

விளங்காத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அந்தத் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். உட்காரும்போது அந்தக் கையைத் தலையணைமேல் வையுங்கள்.

மேலே நகர்த்துவதற்குப் பழைய வேட்டி ஒன்று போதும். நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் குறுக்காக விரித்து, அப்படியே விட்டுவிடுங்கள். இருவர் இரு பக்கமும் வேட்டியைச் சுருட்டி, உடம்பை ஒட்டிப் பிடித்து, சற்றே உயர்த்தி நகர்த்தினால் தோல் உரசாது. தனியாக இருப்பவர் நகர்த்த முயல வேண்டாம், திருப்ப மட்டும் செய்யலாம். அவருடைய அப்புறத்து முழங்காலை மடக்கி, இடுப்பிலும் தோளிலும் கை வைத்து, உங்கள் பக்கம் உருட்டுங்கள். கட்டில் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும். தரைப் படுக்கையில் பார்ப்பவர்களுக்கு ஓரிரு மாதத்தில் முதுகு போய்விடுகிறது.

மே 15, வியாழன்

"நான் பக்கத்தில போனாலே மாமா அழுறாரு, என்ன குறை வச்சேன்னு தெரியல." மருமகள்களும் மனைவிமாரும் அடிக்கடி சொல்வது.

பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் உணர்ச்சிக் கட்டுப்பாடு குலைந்து, காரணமே இல்லாமல் அழுகையோ சிரிப்போ வெடித்து வருவதுண்டு. உள்ளே அந்த அளவுக்குத் துக்கம் இருக்காது. ஆளைக் கண்டதும் வரும், ஓரிரு நிமிடத்தில் சட்டென்று நிற்கும். "ஏன் அழறீங்க" என்று கேட்கக் கேட்கக் கூடும். பேச்சை மாற்றினால், ரேடியோ போட்டால் அடங்கும். மருந்தும் உண்டு, ஆகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் கவனிப்பின்மீது வைத்த குற்றச்சாட்டாக அதை எடுத்துக்கொண்டு மனம் உடைந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

மனச்சோர்வு வேறு. நாள் முழுவதும் முகம் இறுகி, எதிலும் நாட்டமில்லாமல், பயிற்சிக்கு ஒத்துழைக்காமல், தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அதுதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வருகிறது. "சோம்பேறித்தனம்", "பிடிவாதம்" என்று வீட்டில் திட்டப்படுவது பல நேரம் இந்த நோய்தான்.

பேச்சு போனவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆம் இல்லை என்று தலையசைக்கும்படி. "தண்ணியா? வலியா?" என்று சேர்த்துக் கேட்டால் எதற்குத் தலையசைத்தார் என்று தெரியாது.

மே 18, ஞாயிறு

ஞாயிறு என்றால் உறவுக்காரர்கள் வருவார்கள். "ஆசையாப் பாக்குறாரே, ஒரு வாய் காபி குடுத்தா என்ன?" என்பார் யாராவது. சரியாக விழுங்க முடிகிறதா என்ற பரிசோதனையில் இன்னும் தேறாதவருக்கு அந்த ஒரு வாய் நேராக நுரையீரலுக்குப் போகலாம். இருமலே வராமலும் போகும் என்பதால், "ஒண்ணும் ஆகலையே" என்று அடுத்த ஸ்பூனும் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சலும் மூச்சிரைப்பும். கட்டிலின் தலைமாட்டில் "வாய்வழி எதுவும் தரக் கூடாது – டாக்டர்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டால், பெரியவர்களிடம் மருமகள் வாதாட வேண்டியிருக்காது.

"ஏம்மா இப்படி இளைச்சுட்டாரு?" என்பதும் இவர்கள் கேட்பதே. கேட்பவருக்கு அது விசாரிப்பு. இரவெல்லாம் விழித்தவளுக்கு அது தீர்ப்பு. பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் இரண்டு மணி நேரத்தைக் கொண்டு போங்கள். "நான் உக்காந்திருக்கேன், நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள்.

மே 24, சனி

"இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற எண்ணம், உயிரைக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கும் வரும். பகலில் மூன்றாவது முறையாக டயப்பர் மாற்றும்போது வரும். வந்த மறுநொடி குற்ற உணர்வில் துடித்துப் போவார்கள். அது அன்பு வற்றியதால் வருவதில்லை, உடம்பு ஓய்ந்ததால் வருகிறது. வெளியே சொல்ல ஒருவர் இருந்தாலே பாதி இறங்கும்.

கோபம் கைக்கு வரும் நேரம் வேறு. திருப்பும்போது கை முரட்டுத்தனமாகிறது என்று தெரிந்தால், அவரைப் பக்கவாட்டில் பத்திரமாகச் சாய்த்து, கட்டிலின் தடுப்பை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போங்கள். தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம்.

உங்கள் பிரஷர் மாத்திரையையும் அவருடைய மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள். தனியாக வைத்தால் மறந்துபோகும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் படுக்கையில் இருப்போருக்கான வலி நிவாரண, ஆதரவுக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பலர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, பிசியோதெரபிஸ்டும் நர்ஸும் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

உடன்பிறந்தவர்களுக்குள் பங்கு பிரிக்கும்போது பணத்தை மட்டும் பேசுகிறார்கள். இரவையும் பேச வேண்டும். "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "சொல்லுங்க, செய்றேன்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "வெள்ளி, சனி இரவு நீ வந்து படு" என்று கேட்டால் வேறு பதில் வரும். வெளியூரில் இருப்பவர் வர முடியாவிட்டால், அந்த இரண்டு இரவுக்கு அட்டெண்டர் சம்பளம் அவருடையது. முன்னறையில் எல்லோர் முன்னாலும் பேசி, காலண்டரில் பெயரை எழுதுங்கள்.

மாற்று ஆள் வந்தும் தூங்காமல் கதவோரம் நிற்பவர்கள் உண்டு. புதியவருக்கு எதுவும் தெரியாதே என்ற பயம். அதற்கு ஒரு பக்கக் குறிப்பு போதும்: மூக்கில் டியூபின் அளவுக்குறி, கடைசியாக ஊட்டிய நேரமும் அளவும், எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறது, அடுத்துத் திருப்பும் நேரம், பை காலி செய்த நேரம், அவர் கையை உதறினால் என்ன கேட்கிறார் என்பது. அடியில் பெரிதாக: வாய் புதிதாகக் கோணினால், இன்னொரு கை கால் விழுந்தால், எழுப்பியும் எழாவிட்டால், ஊட்டும்போது மூச்சுத் திணறி உதடு நீலமானால், ஊட்டுவதை உடனே நிறுத்தி 108. மற்ற எதற்கும் காலை ஆறு மணிவரை அவளை எழுப்ப வேண்டாம்.