பதவிக்கு ஆள் கிடைக்கும்

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தலைவர் தேர்வு முடிந்து, வேலையெல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அதற்கு முந்தின நாள், தலைவர் பதவிக்கு நிற்கச் சொன்னபோது, இயக்குநர்களில் ஒருவரான அக்கா சொன்ன பதில் மனதை விட்டுப் போகவில்லை. "பதவிக்கு ஆள் கிடைக்கும் பாப்பா. என் பிள்ளைகளுக்குப் பட்டா யாரு தருவா?"

நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் தலைமைச் செயல் அலுவலர். தலைவர் யார் என்பது இயக்குநர்கள் எடுக்க வேண்டிய முடிவு, அதில் நான் தலையிடுவது முறையில்லை என்பார்கள். தெரிந்துதான் அவரை நிற்கச் சொன்னேன். ஏனென்றால் குறைதீர் கூட்டத்தில் அவர் பேசியதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அறுவடை மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் குவியல் குவியலாய்க் கிடந்த சமயம் அது. மற்றவர்கள் மனுவை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மஞ்சள் பையிலிருந்து ஒரு கை நெல்லை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளையாய் முளை விட்டிருந்தது. "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்க முடியாதுங்கறீங்க, சரி. காயவெச்சு 17-க்குக் கொண்டாந்த அன்னைக்கு சாக்கு இல்லைன்னு திருப்பி அனுப்புனீங்க. அப்புறம் பேஞ்ச மழைக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே சாக்கு வந்து இறங்கியது.

இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் திட்ட வழிகாட்டுதல் சொல்வதால்தான் அவரை முதலில் சேர்த்தார்கள். அந்த ஒரு இடத்தோடு விஷயம் நின்றுவிடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஆனால் நிலம் மாமனார் பெயரில். மாமனாரும் இல்லை, அக்காவின் வீட்டுக்காரரும் இல்லை. சட்டப்படி அவருக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. கொழுந்தனார் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் சுலபமாக முடிகிற வேலை, வழக்கு என்று போனால் பிள்ளைகள் தலையெடுக்கும் வரை இழுக்கும். அந்தக் கொழுந்தனாரும் ஒரு இயக்குநர், தலைவர் பதவி மேல் அவருக்கும் கண்.

நான் விடவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில்கூட, நாட்டிலுள்ள சாகுபடிக் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் பொறுப்பில் பயிராகும் நிலங்களின் எண்ணிக்கையில், பெண்கள் நடத்துவது 14 சதவீதத்தைத் தொடவில்லை, உங்களை மாதிரி ஆட்கள் முன்னால் வந்தால்தானே அது மாறும் என்றேன். "அந்தக் கணக்குல முதல்ல என்னைச் சேர்க்கப் பாருங்க" என்றார்.

2012-ல் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் பெண் விவசாயிகளின் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும் வயலில் பாடுபடும் பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் கொடுக்கச் சொன்னது அது. நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. அது சட்டமாகியிருந்தால் அக்காவுக்குப் பட்டா வந்திருக்காது, உண்மைதான். ஆனால் கடனுக்கும் மானியத்துக்கும் வீட்டு ஆண்களின் தயவு இவ்வளவு தேவைப்பட்டிருக்காது, தேர்தலில் கொழுந்தனாரை எதிர்த்து நிற்கவும் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்களே ஒதுங்கினால் மற்ற பெண்கள் எப்படி வருவார்கள் என்று கடைசியாகக் கேட்டேன். இப்போதும் அது நியாயமான கேள்விதான். சொத்துத் தகராறு தீரட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று ஒவ்வொரு பெண்ணும் காத்திருந்தால், நிலம் வைத்திருக்கிற ஆண்கள்தான் காலத்துக்கும் தலைவர்களாக இருப்பார்கள். ஆனால் அவர் நின்று, பத்திரம் நின்றுபோயிருந்தால் அந்த நஷ்டம் அவருடையது மட்டும்தான். எனக்கு முதல் தேதி சம்பளம் வந்திருக்கும், பெண் தலைமை என்று அறிக்கையும் எழுதியிருப்பேன். இதை யோசிக்கும்போது, அவரை அந்த அளவுக்கு நெருக்க எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது.

மறுநாள் கூட்டத்தில் கொழுந்தனார் பெயரை முன்மொழிந்ததே அக்காதான். இப்போதும் குறைதீர் கூட்டத்தில் அவர்தான் பேசுகிறார், கொள்முதல் நிலையத்தில் லாரி வரவில்லை என்றால் எல்லோரும் அவருக்குத்தான் போன் செய்கிறார்கள். பதவி இல்லாவிட்டால் என்ன, தலைமை அவரிடம்தானே இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வங்கியில் கையெழுத்துப் போடுவது தலைவர், துறையிலிருந்து கடிதம் வருவதும் தலைவர் பெயருக்கு. ஆனால் சாக்கு வந்தது அக்காவால் என்பதையும் நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. அறுவடை முடியட்டும் என்கிறார் கொழுந்தனார். அடுத்த தேர்வுக்குள் பதிவானால் அக்காவிடம் மறுபடி கேட்பேன். பதிவாகாவிட்டால் கேட்பதா வேண்டாமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கிற வரைக்கும்தான் அக்கா எதிர்த்து நிற்க மாட்டார் என்பது கொழுந்தனாருக்கும் தெரிந்திருக்குமே.