பழனி நடையில் கூட வருபவர்

குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்கு நடப்பவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் விட்டால் எட்டிப்பிடிக்க ஓடியே முழங்காலைக் கெடுத்துக்கொள்வார். இருட்டில் சாலையின் வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசை. கடைசி ஆளிடமும் டார்ச் இருக்கட்டும்.

பாதம்தான் பெரிய கவலை. கொப்புளம் எழும்புமுன் அந்த இடம் சுள்ளென்று எரியும். விரதக்காரர்கள் பலரும் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். "அண்ணே, கால் எரியுதா?" என்று நாமாகக் கேட்டு, உட்காரும்போதெல்லாம் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும். ஈரம் துடைத்து, விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். கொப்புளத் தோலை உரிக்காதீர்கள், சீழ் பிடிக்கும். வெறுங்காலோடு வரும் ஆச்சிமாரைத் தார் சுடுமுன் நிழலுக்கு அழைத்துவிடுங்கள். காவடி சுமப்பவருக்கு உப்புப் போட்ட நீர்மோரை, அவர் கேட்குமுன்பே நீட்டுங்கள்.