முப்பத்தொம்பது

எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்துக்கு 25 வருசம், மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை எண்டு மலர்க்குழுத் தம்பி வட்ஸ்அப்பில நச்சரிச்சுக் கொண்டிருந்தவர், நானும் பாப்பம் பாப்பம் எண்டு இழுத்தடிச்சன், அதுக்கிடையில அரசியல் படிப்பிச்ச சேர் காலமாகிட்டார் எண்டு சேதி வந்திட்டுது. பேர் எழுதேல்ல. எங்கட பள்ளிக்கூடத்தில கலைப்பிரிவு படிச்ச ஆக்களுக்குப் பேர் தேவையில்லை, படிக்காதவைக்குச் சொன்னாலும் விளங்கப் போறேல்ல.

தம்பி கேட்டது வேற விசயம். நீங்கள் சர்வதேச உறவுகள் புரொபசர், எங்கட பிள்ளையளுக்கு வழிகாட்டுற மாதிரி உங்கட கல்விப் பயணத்தை எழுதுங்கோ எண்டார். சரி, எழுதிறன். பி.ஏ, எம்.ஏ, பிஎச்டி, பிறகு ரெண்டு கம்பசுக்கு நடுவில பஸ்ஸில ஓடி ஓடி செஷனல் லெக்சரர் வேலை, நாலு மாசத்துக்கு ஒரு கொன்ராக்ட், சமர் வந்தா கையில காசில்லை, கடைசியா ஒரு மாதிரி நிரந்தரம். இவ்வளவுதான் பயணம். மிச்சமெல்லாம் வன்னியில, ஸ்கந்தபுரத்தில எங்கட வகுப்பு நடந்த கொட்டிலுக்குள்ளயே நடந்து முடிஞ்சுது.

சேர் 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோட கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்கு வந்த ஆள். உடுப்பு ஒரு பை, புத்தகம் மூண்டு உரப்பை எண்டு அவரின்ர மனிசி, ரீச்சர், கடைசி மட்டும் அவரைப் பேசுறவ. பற்றரி வராத காலம், சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடல் சுத்த டைனமோவில ஒன்பதேகால் பிபிசி தமிழோசை கேப்பம், அடுத்த நாள் சேர் அந்தச் செய்தியை வைச்சே பாடம் துவங்குவார். 96இல கொழும்பு அரசாங்கம் மணிக்கூட்டை முன்னால தள்ள இயக்கத்தின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னி தள்ளேல்ல, ஓமந்தைக்கு அங்கால அரசாங்கப் பக்கம் அரை மணித்தியாலம் கூட ஓடிச்சுது, ஞாபகம் இருக்கும். இறைமை எண்டா என்ன சேர் எண்டு ஒருத்தி கேக்க, கையைத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டினார். “நேரம் வன்னி. என்ர சம்பளம் கொழும்பு. இனி நீயே விளங்கிக் கொள்” எண்டார். இங்கிலாந்துத் தத்துவவாதி தோமஸ் ஹொப்ஸில இருந்து நாடுகளின்ர இறைமைக்கு அத்திவாரம் எண்டு சொல்லுற வெஸ்ற்பேலியா உடன்படிக்கை வரைக்கும் நான் பிறகு படிச்சதுகளில இதைவிடத் தெளிவா ஒருத்தரும் சொல்லேல்ல.

சர்வதேச உறவுகள் எண்ட இந்தப் பாடத்தின்ர கதையையும் அவர்தான் சொன்னவர். 1919இல வேல்ஸ் நாட்டு அபெரிஸ்த்வித் கம்பசில, முதலாம் உலக யுத்தத்தில செத்துப்போன மாணவர்களின்ர நினைவா டேவிட் டேவிஸ் எண்ட ஒரு பணக்காரர் காசு குடுத்து, சர்வதேச அரசியலுக்கெண்டு உலகத்திலயே முதல் பேராசிரியர் கதிரை, அதாவது பதவி, போட்டவையாம். “செத்தவீட்டில துவங்கின பாடமடா இது” எண்டு சேர் சொல்ல நாங்கள் சிரிச்சம். ஆமி வன்னிக்குள்ள முன்னேறின ஜெயசிக்குறுச் சண்டை நடந்து கொண்டிருந்த நேரம்.

இனி அந்த நாள். 1999 மார்ச் கடைசி, மேற்கு நாடுகளின்ர ராணுவக் கூட்டணி நேட்டோ கொசோவோப் பிரச்சினையை வைச்சு யூகோஸ்லாவியாவில குண்டு போடத் துவங்கிட்டுது, ஐநா பாதுகாப்புச் சபையிட்ட அனுமதி கேக்கேல்ல, கேட்டா ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டு மறிக்கும். நான் முதல் நாள் இரவு செய்தியை மனப்பாடமாக்கிக் கொண்டுவந்து வகுப்பில அளந்து கொண்டிருந்தனான். சேர் கேட்டுக் கொண்டே கொப்பித்தாளைக் கிழிச்சு நாட்டுப் பேர் எழுதி ஒவ்வொருத்தரிட்டயும் குடுத்தார். அஞ்சு நிரந்தர உறுப்பினர், பத்து நிரந்தரமில்லாதது, பதினஞ்சும் சேர்ந்ததுதான் பாதுகாப்புச் சபை. அண்டைக்குப் பதினாறு பேர் வந்திருந்தது என்ர கெட்ட காலம். நான் கொட்டிலுக்கு வெளிய, வெயிலுக்குள்ள.

தீர்மானம்: கடைசிப் பாடத்தை விட்டிட்டு வீட்ட போறது. பதினாலு கை உயர்ந்துது. பிரான்ஸ் மட்டும் எதிர்த்து வீட்டோ போட்டுத் தீர்மானத்தை விழுத்தினாள், ஏனெண்டா அவளைக் கூட்டிக்கொண்டு போற தமையன் மணி அடிச்சாப் பிறகுதான் சைக்கிளோட வருவான், தனிய நிக்க அவளுக்குப் பயம். தேசிய நலன் எண்டா இதுதான் எண்டார் சேர். நான் வெளியில நிண்டு “சேர் இது அநியாயம், பதினாலு பேருக்கு ஒராளோ” எண்டு கத்தினன்.

சேர் கண்ணாடியைக் கழட்டினார். கண்ணாடி கழண்டா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும்.

“நீர் ஆர்? உறுப்பினரோ? இல்லை. சபையின்ர 37ஆம் விதியில கூப்பிட ஒரு நாடோ? அதுவுமில்லை. 39 எண்டு ஒரு விதி கிடக்கு, தகுதியான ஆள் எண்டு சபை நினைச்சா, தகவல் சொல்லக் கூப்பிடலாம். இவர் தகுதியான ஆளோ எண்டு சபையிட்டக் கேப்பம்.”

ஒரு கையும் உயரேல்ல. என்னோட ஒரே சைக்கிளில டபிள் வந்த சோவியத்தின்ர வாரிசு, ரஷ்யா, அவன்கூடக் கூரையைப் பாத்துக் கொண்டிருந்தான். பிறகு எல்லாரும் சிரிச்ச சிரிப்பில பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பாத்தா. எனக்குக் கண்ணுக்குள்ள தண்ணி முட்டிட்டுது, பெட்டையள் பாக்கினம் எண்டு அடக்கிக் கொண்டு நிண்டன். அண்டையில இருந்து எனக்குப் பேர் முப்பத்தொம்பது. ரொறன்ரோ ஒன்றுகூடலில இப்பவும் சோத்துக்கு லைனில நிக்கேக்க பின்னால இருந்து “டேய் முப்பத்தொம்பது” எண்டு குரல் வரும், என்ர பிள்ளையள் அது ஏதோ பஸ் நம்பர் எண்டு நினைச்சுக் கொண்டிருக்குதுகள்.

ஆனா பாருங்கோ, என்ர முழுத் தொழிலும் அதுதான் ஆச்சுது. ஒரு விசயம் பாதுகாப்புச் சபையின்ர நிகழ்ச்சிநிரலில எப்பிடி ஏறுது, எப்பிடி ஏறாமப் போகுது, அதுதான் என்ர பிஎச்டி. 2009இல நான் பிஎச்டிக்கு நடுவில வைக்கிற கொம்ப்ஸ் சோதனைக்குப் படிச்சுக் கொண்டிருந்த தலைப்பு பாதுகாக்கும் பொறுப்பு, அதாவது ஒரு அரசாங்கம் தன்ர சனத்தைக் காப்பாத்தாட்டி உலகம் காப்பாத்த வேணும் எண்டது. கனடா அரசாங்கம் 2000இல அமைச்ச ஆணைக்குழு 2001இல எழுதிக் குடுத்த கொள்கை, 2005 ஐநா உச்சி மாநாட்டு ஆவணத்தில 138ஆம் 139ஆம் பந்தியா ஏறினது. பகலில லைப்ரரியில அந்தப் பந்தியளைப் பாடமாக்கிப் போட்டு, மே 10 பின்னேரம் அதே கனடாவில, வன்னிச் சண்டையை நிப்பாட்டச் சொல்லி ரொறன்ரோ கார்டினர் ஹைவேயை மறிச்சுச் சனத்தோட சனமா நிண்டன். நியூயோர்க்கில பாதுகாப்புச் சபையில எங்கட விசயம் முறையான நிகழ்ச்சிநிரலில ஏறவேயில்லை, முறைசாராக் கூட்டங்கள் தான், மே 13 ஒரு பத்திரிகை அறிக்கை விட்டவை, அவ்வளவும் தான். 39இல ஆரையும் கூப்பிடுறதெண்டா முதல்ல முறையான ஒரு கூட்டம் நடக்க வேணுமே.

பிஎச்டிக்குத் தகவல் எடுக்க ஊருக்குப் போனனான், யுத்தம் முடிஞ்சு ரெண்டு மூண்டு வருசத்தால. சேர் கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால், பிறகு சனத்தை அடைச்சு வைச்ச மெனிக் பாம் முகாம் எல்லாம் பாத்திட்டு வந்து திரும்பவும் கிளிநொச்சியில படிப்பிச்சுக் கொண்டிருந்தார். ஆய்வு நெறிமுறை பாக்கிற கம்பஸ் எதிக்ஸ் போர்ட் தந்த சம்மதப் பத்திரத்தை நீட்டினன். வாசிச்சார், சிவப்புப் பேனை எடுத்தார், என்ர தமிழில ரெண்டு சந்திப்பிழையைத் திருத்தினார், பிறகுதான் கையெழுத்து. 2008 செப்டெம்பரில ஐநாக்காரர் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க வாசலில சனம் இருந்து மறிச்சதெல்லோ, சேரும் அதுக்குள்ள இருந்தவராம். போகாதேங்கோ எண்டு இங்கிலீசில எழுதிக் குடுத்தது தான்தானாம், “கிராமர் பிழை இல்லாமல் எழுதினனான் தம்பி” எண்டார். 2012இல ஐநாவே தன்ர பழைய அதிகாரி சாள்ஸ் பெற்றியை வைச்சு எழுதுவிச்ச அறிக்கையில சனத்தைக் காப்பாத்தத் தாங்கள் தவறிட்டம் எண்டு ஒத்துக்கொண்டவை. எனக்கு அந்த அறிக்கையை விட சேரின்ர ஒண்டரை மணித்தியாலம் பெரிசு.

ஆனா ஆய்வில ஆளின்ர பேர் போடேலாது, விதி. அவரின்ர பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. அதால சேர் என்ர ஆய்வில “நேர்காணல் 17, ஆண், ஆசிரியர், கிளிநொச்சி.” ஜேர்னலுக்கு அனுப்ப, திறனாய்வு செய்தவர் ஒராள் ஒரு இடத்தை வைச்சுக் கோட்பாடு கட்டேலாது, வேற நாடுகளோட ஒப்பிடு எண்டார். அப்ப கொசோவோ முன்னுக்கு, சூடானின்ர டார்பூர் நடுவில, வன்னி பின்னுக்கு நாலு பக்கம். இப்பிடித்தான் இந்த உலகம், சர்வதேச உறவுகள் ஆய்வாளரின்ர பெரிய சங்கமான ஐஎஸ்ஏ 1959இல துவங்கினது, மேற்குக்கு வெளியால இருந்து ஒருத்தர், ஒடிசாவில பிறந்த அமிதாவ் ஆச்சார்யா, தலைவராக 2014 ஆச்சுது.

கட்டுரையைச் சேருக்கு அனுப்பினன். முழுக்க வாசிச்சிட்டு போன் எடுத்தார். “நான் உனக்கு 39 எண்டு வைச்சன், நீ எனக்கு 17 எண்டு வைச்சிட்டாய்” எண்டு சிரிச்சார். நானும் சிரிச்சன். பிறகு ரெண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைச்சம், இரணைமடுக் குளம் வான் பாயுதாம் எண்டார்.

2002இல சண்டை நிறுத்தத்தோட பாதை திறந்து நோர்வேக்காரரும் யப்பான்காரரும் சமாதானம் பேசக் கிளிநொச்சிக்கு வரத் துவங்கின நேரம்தான் நான் வெளிக்கிட்டனான். சேரின்ர பிளான் வேற, யாழ்ப்பாணக் கம்பசில அரசியல் சிறப்பு முடிச்சிட்டு வந்து தன்ர பாடத்தை எடுக்க வேணும் எண்டு. “உலகம் இஞ்ச வருது, நீ அங்க போறாய்” எண்டு மட்டும் சொன்னவர், மறிக்கேல்ல. மறிச்சிருந்தா நிண்டிருப்பனோ தெரியேல்ல. ஓய்வெடுத்த பிறகும் பின்னேரத்தில வந்து சும்மா படிப்பிச்சவராம், அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லையெண்டு.

இப்ப ஆய்வைப் புத்தகமாக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். சேரின்ர மகளுக்கு எடுத்து, 17ஐ எடுத்துப்போட்டு அப்பாவின்ர பேரைப் போடட்டோ எண்டு கேட்டன். கம்பஸிட்டயும் கேக்க வேணும், ஆனா முதல்ல அவ ஓம் எண்ட வேணும். அவ அரசாங்க உத்தியோகம், ரெண்டு பிள்ளையள், ஆர் வந்து என்ன கேப்பினமோ எண்ட யோசினை இருக்கும்தானே. அம்மாவிட்டயும் கேட்டிட்டுச் சொல்லுறன் அண்ணா எண்டவ. இன்னும் எடுக்கேல்ல.