பிரசங்கம் முடிந்த பிறகு

"பாஸ்டர், இன்னைக்கு கர்த்தர் எனக்காகவே பேசினார்" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார். ஊழியக்காரனுக்கு அந்த நிமிஷம்தான் பெரிய சோதனை. மகிமை யாருக்குப் போகிறது என்று மனசுக்குள் ஒரே இழுபறி.

1948-ல் கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோவில் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் உடன் ஊழியர்களும் உட்கார்ந்து, ஊழியக்காரர்களை எதெல்லாம் விழத்தள்ளுகிறது என்று பேசினார்கள். பணமும் இச்சையும் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வதையும் சேர்த்தார்களே, அது என்னை உலுக்கியது. மனைவியைத் தவிர வேறு பெண்ணோடு தனியாகப் பயணம் போவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். இச்சைக்கு இப்படி வேலி போடலாம். பெருமைக்கு எங்கே போடுவது? அது ஜெபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அப்போஸ்தலன் பவுல் தன்னை உயர்த்தாதபடிக்கு அவருக்கு மாம்சத்தில் ஒரு முள், அதாவது ஓயாத ஒரு வேதனை, கொடுக்கப்பட்டது. மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை.

எனக்காக ஜெபிக்கிறவர்களே, சுகபலத்தோடு தாழ்மையையும் சேர்த்துக் கேளுங்கள்.