நாற்காலி மாறியும் தீராத தோள்வலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் அக்கா ஒருவருக்கு வலது தோள்பட்டையில் வலி. முதலில் தைலம், அப்புறம் ஒத்தடம், அப்புறம் வாரம் ஒருநாள் லீவு என்று போனது. நிர்வாகத்திடம் பேசி முதுகு சாய்கிற நாற்காலி வாங்கினோம். மேஜை உயரத்தை அவருக்குத் தோதாக மாற்றி, லைட்டையும் இறக்கிக் கட்டினோம். ஒரு மாதம் ஆகியும் வலி அப்படியே இருந்தது. அடுத்த மிஷினில் இருந்தவருக்கும் அதே வேலை, ஏறக்குறைய அதே வயது. அவருக்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் டீ டைமில் கேட்டேன். "சேரெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ராத்திரி தூக்கம் வந்தாத்தானே" என்றார். வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. வாராவாரம் குழுக் கடன் கட்ட வேண்டும்.

அன்று மதியம் தள்ளி நின்று அவரைக் கவனித்தேன். மணிக்கொரு தடவை நான் போர்டில் பீஸ் கணக்கு எழுதப் போகும்போது அவருடைய தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிடும். நான் நகர்ந்த பிறகும் இறங்காது. நூல் அறுந்து மிஷின் நிற்கிற அந்த அரை நிமிடத்தில்கூட இறங்காது.

தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கழுத்திலிருந்து தோளுக்குப் படரும் டிரப்பீசியஸ் தசை, சும்மா உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டாலே இறுகும் என்றார். மின்முனை ஒட்டி அளந்தே பார்த்திருக்கிறார்களாம். அந்தத் தசையில் சில மெல்லிய இழைகள் முதல் ஆளாக வேலைக்கு வந்து கடைசி ஆளாக ஓய்வுக்குப் போகின்றன என்பது ஸ்வீடன் ஆய்வாளர் ஹேக் 1991இல் முன்வைத்த கருத்து. கை நின்றாலும் கவலை நிற்காவிட்டால் அந்த இழைகளுக்கு ஓய்வே இல்லை. தூக்கமும் கெட்டால் அதே வலி இன்னும் உறைக்கும்.

கேட்கக் கேட்க எனக்கு மனசு கனத்தது. டார்கெட் குறைந்தால் லைன் முழுக்கக் கேட்கும்படி பேர் சொல்லிக் கத்துகிறவன் நான். நல்ல நாற்காலி அவசியம்தான். உயரம் தப்பான மேஜையில் யாருக்கும் கழுத்து வலிக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பயத்திலேயே வைத்திருந்தது என் குரல்.

பேர் சொல்லிக் கத்துவதை நிறுத்தினேன். ஷிப்ட் சம்பளம் குறையாமல் இரண்டு வாரம் அவரைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றினோம். தீபாவளி போனஸில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி அட்வான்ஸும் வாங்கித் தந்தோம்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் ஓவர்லாக்குக்குத் திரும்பிய வாரத்தில் ஒருநாள் நூல் அறுந்தபோது பார்த்தேன். மெக்கானிக் வரும்வரை கையை மடியில் போட்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் போர்டு பக்கம் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.