கொல்லையிலிருந்து எஞ்சினை வெளியே கொண்டுவந்த கதை

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மாடு நிற்கிற இடத்தில் பல வருடமாக ஒரு லேலண்ட் லாரி எஞ்சின் உட்கார்ந்திருந்தது. ஆறு சிலிண்டர், விசைப்படகில் ஓடியது. வீடு தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் சேதுபாவாசத்திரம் பக்கம் என்றால் மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த எங்கள் படகு பக்கத்துப் படகுகளோடு இடிபட்டு உடைந்து சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டது. பலகையெல்லாம் போனது போகட்டும், எஞ்சினை மட்டும் விடக்கூடாது என்று அப்பா கரையிலேயே மெக்கானிக்கை வைத்துப் பிரித்தார். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினை அப்படியே வைத்தால் கொஞ்ச நாளில் பிஸ்டன் தான் ஓடுகிற ஸ்லீவோடு ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் அலசி, டீசல் ஊற்றித் துடைத்து, ஹெட் தனி, கிராங்க் தனி, பிளாக் தனி என்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிளாக்கை மட்டும் தண்டு போட்டு ஆறு பேர் தூக்கி வந்தார்கள்.

அப்புறம் கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வாங்கி, கொட்டகையிலேயே வைத்து முழு எஞ்சினாகக் கோத்துவிட்டார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். துண்டு துண்டாக உள்ளே வந்தது, முழுசாக வெளியே போக வேண்டும். இதைப் பற்றி அந்த ஐந்தாறு வருடத்தில் வீட்டில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா ஒரு படகில் பாதிப் பங்கு வாங்கினார். படகு நல்ல படகு, எஞ்சின் பிளாக்கில் விரிசல். எங்கள் எஞ்சினை அதில் ஏற்றுவது என்று பேச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, அதற்குள் வேலை முடிந்தால்தான் முதல் நாளே கடலுக்குப் போக முடியும். எனக்குத் திருச்சியில் வேலை. மே கடைசியில் நாலு நாள் லீவு போட்டு வந்தேன்.

முதலில் எல்லோரும் சொன்னது ஹைட்ரா கிரேன். துறைமுகத்தில் அதுதான் எல்லாவற்றையும் தூக்குகிறது. ஆனால் எங்கள் தெருவுக்குள் ஹைட்ரா திரும்பாது. அப்படியே திரும்பினாலும் கொல்லைப் பக்கம் போக வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் நாலடிச் சந்துதான் இருக்கிறது. மறுபடியும் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. நியாயம்தான், ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட் மாற்ற வேண்டும், போல்ட்டுகளை மறுபடி சரியான டார்க் அளவு, அதாவது முறுக்கு விசை, வைத்து முறுக்க வேண்டும், அதற்கு மெக்கானிக் வர வேண்டும். தடைக்காலத்தில் மெக்கானிக் கிடைப்பது கல்யாண மாதத்தில் சமையல்காரர் கிடைப்பது மாதிரி.

கழற்றினால் கெடாதவற்றை மட்டும் கழற்றினோம். கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், டைனமோ, புகை போகும் மேனிஃபோல்ட். ஆயிலையும் வடித்துவிட்டோம். கியர்பாக்ஸைக் கழற்றியதில் எடை குறைந்ததைவிட நீளம் குறைந்ததுதான் பெரிய லாபம். டீசல் குழாய் வாய்களையெல்லாம் பாலித்தீன் கட்டி மூடினோம், கொட்டகையில் தூசி போனால் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் போய்விடும். மிச்சம் எவ்வளவு எடை என்பதில் ஆளுக்கொரு கணக்கு. மச்சான் முந்நூறு என்றார், சித்தப்பா ஒரு டன் என்று சத்தியம் செய்தார். கடைசியில் எடை மேடையில் வண்டியைக் காலியாகவும் பாரத்தோடும் போட்டுப் பார்த்தபோது 490 கிலோ.

எஞ்சினைத் தூக்கப்போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இது எங்கே உட்காரும் என்பதுதான். லாரி எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டி, அதாவது சம்ப், இருக்கிறது, அது எஞ்சின் எடையைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. தரையில் அப்படியே வைத்தால் நெளியும் அல்லது உடையும். பக்கவாட்டில் இருக்கும் மவுண்டிங் கால்களில்தான் முழு எடையும் நிற்க வேண்டும். அதனால் எடுத்த எடுப்பில், கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைத் தேடாமல் ஆசாரியிடம் போய் இரண்டு நீளச் சட்டமும் மூன்று குறுக்குச் சட்டமும் வைத்து ஒரு சறுக்குப் பலகை செய்து வாங்கினோம். பழைய படகு மரம்தான், காசு கூலிக்கு மட்டும். முன்முனையை அடியில் சரிவாகச் சீவச் சொன்னேன், அது என் யோசனை, இந்த மொத்தக் கதையில் என்னுடைய உருப்படியான ஒரே யோசனையும் அதுதான்.

எஞ்சினைச் சட்டத்தின் மேல் ஏற்ற லாரி ஜாக்கி போதும். ஒரு பக்கம் ஒரு அங்குலம் ஏற்று, கட்டை சொருகு, மறுபக்கம் ஒரு அங்குலம் ஏற்று, கட்டை சொருகு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து பத்தரைக்கு எஞ்சின் சட்டத்தில் போல்ட் போட்டு நின்றது. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும் வேலை. நான் ஒரு தடவை கட்டையைச் சரி செய்யக் கையை உள்ளே விட்டேன். "டேய், கைய விடாத. குச்சியால தள்ளு. அது எப்ப வேணா எறங்கும்" என்று அப்பா கத்தினார். ஜாக்கியை நம்பி எதற்கு அடியிலும் உடம்பைக் கொடுக்கக்கூடாது என்று நானே அலுவலகத்தில் நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன், சொந்த வீட்டில் மறந்துபோகிறது.

கொட்டகையிலிருந்து வெளியே வந்தது சுலபம். தரையில் இரண்டு வரிசை பனை வாரை, அதன் மேல் இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் ஐந்து, அதன் மேல் சட்டம். நாலு பேர் தள்ளினால் அரை டன் போகிறது, நம்பவே முடியவில்லை. பின்னால் வெளிவரும் பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போக வேண்டும். திருப்ப வேண்டிய இடத்தில் பைப்புகளை விசிறி மாதிரி சாய்த்து வைத்தால் சட்டம் தானாக வளைந்து போகும், இதைச் சித்தப்பா காட்டிக் கொடுத்தார். இருபது வருடம் படகைக் கரையேற்றிய ஆள். பைப்பைக் காலால் உதைத்து நேராக்கக்கூடாது என்றும் அவர்தான் சொன்னார். மச்சான் கேட்கவில்லை, ரப்பர் செருப்போடு உதைத்தார், பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு முழுதும் அவர்தான் டீ வாங்கப் போனார்.

அடுத்தது சந்து. வீடு கட்டும்போது அந்தச் சந்தின் தரையை உயர்த்திச் சிமென்ட் போட்டிருந்தோம், கொல்லைத் தரையைவிட ஒன்றரை அடி உயரம். இங்கே தூக்கித்தான் ஆக வேண்டும். முன்பெல்லாம் இந்த மாதிரி வேலை என்றால் கொல்லையில் ஒரு பெரிய வேப்பமரம், அதன் கிளையில் கப்பி மாட்டி முடித்துவிடுவார்கள். அந்த வேம்பும் கஜாவில் போனதுதான், அதோடு எட்டுத் தென்னையும்.

போர்வெல் மோட்டார் ஏற்றி இறக்குகிறவரிடம் இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைத்தது. செயின் பிளாக் இரண்டு டன், அது வேறொரு பட்டறையில். இரண்டும் சேர்த்து நாளைக்கு எழுநூறு ரூபாய். ஒரு டன் பிளாக்கே போதும், ஆனால் பழைய சாமானில் எழுதியிருக்கும் எண்ணை முழுசாக நம்ப எனக்கு மனமில்லை. தூக்கும் முன் வெறும் கொக்கியில் ஒரு ஆள் தொங்கிப் பார்த்து, சங்கிலியை விட்டதும் நழுவாமல் நிற்கிறதா என்று சோதித்தோம்.

எஞ்சினைக் கொக்கியில் மாட்டுகிற பட்டையைக் கட்டுவதில் எனக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. எஞ்சின் தலையில் முன்னும் பின்னும் தூக்குவதற்கென்றே இரண்டு கண் இருக்கிறது, அதில் மாட்ட வேண்டும், குழாயிலோ வால்வு மூடியிலோ சுற்றக்கூடாது, இதில் இருவருக்கும் சம்மதம். அவர் பட்டையைக் குட்டையாகக் கட்டச் சொன்னார், உயரம் மிச்சமாகும் என்று. குட்டையாகக் கட்டினால் இரண்டு பக்கமும் படுத்துக்கொள்ளும். கொக்கியில் இரண்டு பட்டைக்கும் நடுவே 60 டிகிரி இருந்தால் 490 கிலோவுக்கு ஒவ்வொரு பட்டையிலும் சுமார் 283 கிலோ இழுவைதான். அதுவே 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு பட்டையிலும் முழு 490. பாதிப் பாதியாகப் பிரியும் என்று நினைத்துக் கொண்டிருப்போம், பட்டை அறுந்த பிறகு தெரியும். தாளில் வரைந்து காட்டினேன். "படிச்ச புள்ள சொல்லுது" என்று விட்டுக்கொடுத்தார், குரலில் கொஞ்சம் கிண்டல் இருந்தது.

முக்காலியின் மூன்று காலையும் கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினோம். பாரம் ஏறினால் கால்கள் வெளியே ஓடப் பார்க்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகை. தொங்கும் இடத்துக்கு அடியில் சித்தப்பா இரண்டு பழைய லாரி டயரை உருட்டி வந்து போட்டார். எதற்கு என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார்.

எஞ்சின் முக்கால் அடி ஏறியிருக்கும். கைச்சங்கிலி கடகடவென்று நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று முக்காலியின் ஒரு கால் பலகையோடு தரைக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. மேல்முனை சாய்ந்து, எஞ்சின் மெதுவாக என் பக்கம் ஊசலாட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தப் போனேன், அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். சங்கிலியில் நின்ற சித்தப்பா மட்டும் பதறவில்லை, மளமளவென்று இறக்கிவிட்டார். எஞ்சின் டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நின்றது. சம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர் இல்லாவிட்டால் சட்டத்தின் முனை தரையில் குத்தி எஞ்சின் புரண்டிருக்கும், அந்தப் பக்கம் மச்சான் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

அந்த இடம் என்ன என்று தோண்டிப் பார்த்தபிறகுதான் புரிந்தது. கஜாவில் வேரோடு சாய்ந்த தென்னையின் குழி. மணல் போட்டு மூடி, மேலே புல் முளைத்து, எல்லோரும் மறந்துவிட்டோம். மரம் நின்ற இடம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாதான் அடுப்படி வாசலில் நின்றபடி, "அது செவ்விளநி மரம்டா, ஒனக்குத்தான் அதுல வெட்டிக் குடுப்பேன்" என்றார்.

முக்காலியை ஐந்தடி தள்ளி வைத்தோம். ஒவ்வொரு கால் வைக்கும் இடத்தையும் கடப்பாரையால் குத்திப் பார்த்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்குப் பலகை போட்டோம். இந்தத் தடவை அரை அடி தூக்குவது, அடியில் கட்டை அடுக்குவது, பாரத்தைக் கொஞ்சம் கட்டையில் விட்டுப் பார்ப்பது, மறுபடி தூக்குவது. மதியம் மூன்று மணிக்குச் சட்டத்தின் முன்முனை சந்தின் சிமென்டைத் தொட்டது. நான் சீவச் சொன்ன சரிவு அழகாக ஏறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சந்துக்குள் பத்து நிமிடம்தான். வாசலில் சாக்கடை மேல் சிலாப். எங்களுடைய சிலாப் அகலம் போதாமல் ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சிலாப்பில் ஏற வேண்டியிருந்தது. அந்த வீட்டு அத்தை திண்ணையிலிருந்தே, "தம்பி, சிலாப்பு ஒடஞ்சா யாரு மாத்துவா?" என்று கேட்டார். "ஒடையாது அத்தை" என்றேன். பனை வாரை நாலைக் குறுக்கே பாலம் மாதிரி போட்டிருந்தோம். ஆனாலும் ஓரத்தில் மெல்லிய விரிசல் விட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, வந்தது. வண்டிக்குள் எஞ்சினைத் தள்ளி ஏற்ற நினைக்காதீர்கள். எஞ்சினைத் தெருவிலேயே மூன்றரை அடி தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியைப் பின்பக்கமாக அதன் அடியில் விடுவதுதான் வழி. அதற்கு முக்காலியின் இரண்டு கால் வண்டி அகலத்துக்கு மேல் விரிந்திருக்க வேண்டும், நாங்கள் ஏழடி விட்டோம். வண்டியில் இறக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி வண்டி கீழே போகும், அதனால் சங்கிலியை இன்னும் கொஞ்சம் தளர்த்திய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். பாரத்தைப் பின்கதவு ஓரமாக வைக்காமல் முன்னால் தள்ளி வைத்து, சட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் நாலு பக்கமும் பெல்ட்டால் இழுத்துக் கட்டினோம். நைலான் கயிறு வேண்டாம், இழுபடும், பத்து வேகத்தடை தாண்டினால் தளர்ந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனோம், பின்னால் வந்த பேருந்தெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனது.

துறைமுகத்தில் ஹைட்ரா அதை வண்டியிலிருந்து எடுத்துப் படகுக்குள் இறக்க ஏழு நிமிடம் ஆனது. ஒரு மணி நேரக் கூலியைக் குறைந்தபட்சமாக வாங்கிக்கொண்டார்கள். அப்பா கரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஷாஃப்ட்டோடு கப்ளிங்கைச் சேர்த்து இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வைத்து மட்டம் பார்த்து, காலுக்கு அடியில் தகடு சொருகிய வேலைக்கு இன்னும் மூன்று நாள் பிடித்தது, அதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்த சத்தத்தைப் போனில்தான் கேட்டேன்.

மொத்தச் செலவு, ஆசாரி கூலி, வாடகை, வண்டி, கிரேன், இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். டயர் இரண்டும் இன்னும் கொல்லையில் அதே இடத்தில் கிடக்கின்றன, அம்மா ஒன்றில் கீரை விதைத்திருக்கிறார். அத்தையின் சிலாப்புக்கு அடுத்த லீவில் போய்ச் சிமென்ட் பூச வேண்டும், அதுவரை அந்தப் பக்கமாக நடக்காமல் சுற்றிப் போகிறேன்.